தேங்காய் அண்ணையின் நட்டஈடு

பிரான்ஸில் பாதி ஆயுள் போன பிறகும், என் பிரெஞ்சு ஓர் அப்பாவியைக் கலவரக்காரன் ஆக்கும் அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறது. அந்த அப்பாவிதான் தேங்காய் அண்ணை. காசு வேண்டாம், தேங்காயைத் தா என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டிய மனிதர், பாரிஸில் நம்மவர்கள் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவர் ஒருவரே.

பிள்ளையார் தேருக்கு முதல் நாள். தேருக்கு முன்னால் தெருவில் உடைப்பதற்கு, ஒவ்வொரு தேங்காயாகக் காதில் வைத்துத் தட்டி, கடைக்காரர் அழும்வரை தேர்ந்தெடுத்தார் அண்ணை. நெஞ்சில் ஒப்பரேசன் முடிந்து வந்திருந்த என்னை ஒன்றுகூடத் தூக்க விடவில்லை. பைகளோடு வெளியே வந்தால், ஏதோ கட்சி ஊர்வலம் கலவரமாகி ஒரே புகை. பொலிஸ்காரர் பையைத் திறந்து, "இதெல்லாம் எதற்கு?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "தெருவில் அடித்து உடைக்க."

"எப்போது?"

"நாளைக்கு. இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள்."

தேங்காய்கள் ஆயுதங்களாகப் பறிபோயின. பை சுமந்த அண்ணைமேல் கலவர வழக்கு. கடைசியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தேங்காய்கள் அதற்குள் அழுகிவிட்டன.

அண்ணை நட்டஈடு கேட்டார். "நல்லா முத்தினது, குடுமியோடை" என்று எழுதச் சொன்னதும் வழக்கறிஞர் தலையில் கைவைத்தார்.

"அண்ணை, கடையிலை வேறை வாங்குங்கோவன்" என்றேன் நான்.

"விசர்க்கதை கதையாதை. நேத்திக்கடன் நிக்குது. பறிச்சவன் தரவேணும்."

அரசாங்கத்திடமிருந்து பதில் வருவதற்கு முன் ஒரு புதுச் சட்டம் வந்தது. அரசியல் கலவரங்களில் வழக்குப் போடப்பட்டவர்களுக்கு அரச பணத்தில் நட்டஈடே கிடையாதாம். தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் ஓர் அரசியல்வாதி மேசையில் குத்திக் குத்திப் பேசினார்.

"விடுதலையானவனுக்குமோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. வழக்குப் போட்டாலே போதுமாம். வரி கட்டுற சனத்தின்ரை காசைக் காப்பாத்தினமாம்."

"நானும் வரி கட்டுறன். என்ரை காசை என்னட்டையிருந்தே காப்பாத்தினமோ?"



அடுத்த தேருக்கு அண்ணை வெறுங்கையோடு வந்து ஓரமாக நின்றார். பார்க்கப் பொறுக்காமல் ஒரு தேங்காயை வாங்கி நீட்டினேன். தட்டிப் பார்த்தார். ஓங்கிச் சிதறடித்தார்.

"பறிச்சவன்தான் தரவேணும் எண்டியள்?"

"பறிக்கக் குடுத்தவனும் தரலாம்."

"அப்பிடி என்ன நேத்தி அண்ணை?"

"உன்ரை ஒப்பரேசன் நல்லா முடியவேணும் எண்டு நேந்தனான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெஞ்சுக்கு நேந்தது பிழையடா. மூளைக்கெல்லோ நேந்திருக்க வேணும்!"