சக்கரபாணியின் வேப்பிலைச் சவாரி

விக்கிரவாண்டியைத் தாண்டுவதற்குள் சக்கரபாணியின் தலையில் இருந்த ஈரத்துண்டு அப்பளமாகிவிட்டது. தொட்டால் நொறுங்கும் போலிருந்தது.

விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் குமாஸ்தா அவன். கத்திரி வெயிலில் திண்டிவனம் வரைக்கும் சைக்கிள் மிதிக்க நேர்ந்ததற்குக் காரணம் அந்தச் சைக்கிளேதான். வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று அதை வீட்டுக்குள் நிறுத்திவிட்டு, மனைவி தையல்நாயகியை வாசலில் படுக்கச் சொன்னான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் இடுப்பொடியச் சுமந்து வந்த குடிதண்ணீரை எடுத்து டயருக்கு ஊற்றியபோதுதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரயிலில் போய் அழைத்து வரலாம். ஆனால் மாமனார் சுப்பராயலு, "இன்னா மாப்ள, சைக்கிளு படுத்துக்கிச்சா?" என்று கேட்பாரே! பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய யுத்த காலத்து பஸ்ஸையோ பாதி வழி ஜனங்களே தள்ள வேண்டியிருந்தது. ஆகவே சைக்கிள்.

சாலையோரத்தில் நுங்கு விற்ற குப்பம்மாள் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"வெறுந்துண்டு எம்மாம் நேரம் நிக்கும்? வேப்பந்தழய ஒடிச்சி தலயில கட்டிக்கினு போ. ஜில்லுனு இருக்கும்."

கட்டினான். தலை ஜில்லென்றது, முதுகு எரிந்தது. முதுகிலும் கட்டினான். சூடேறிய ஹாண்டில்பாருக்கு ஒரு கொத்து, சீட்டுக்கு ஒரு கொத்து. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வேப்பமரம் சைக்கிளில் வருவது போலிருந்தது.

அந்த மரத்தில் எறும்பும் இருந்தது. கொஞ்ச தூரத்துக்குள் முகம், கழுத்து, கை எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டன.

கூட்டேரிப்பட்டு மளிகைக்கடையில் பாண்டுரங்கன் வைத்தியம் சொன்னார். "எறும்புக் கடிக்கு மஞ்சளக் கொழச்சி பூசுங்க. எரிச்சல் போயிடும்."

உடம்பெல்லாம் பூசிக்கொண்டான். தழையை மட்டும் அவிழ்க்கவில்லை. வெயில் இன்னும் இருந்ததே!

அதற்குப் பிறகு சாலையின் போக்கே மாறிப்போனது. எதிரே வந்த வண்டிக்காரன் மாட்டை ஓரங்கட்டிவிட்டுக் கீழே இறங்கிக் கும்பிட்டான். கிணற்றடிப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் கேட்டால் சொம்பைத் தள்ளி வைத்துவிட்டு விலகி நின்றார்கள்.

'நம்ம வண்டிக்கு இவ்ளோ மரியாதையா!' சக்கரபாணி பூரித்துப்போய் மணியை அடித்துக்கொண்டே மிதித்தான்.

திண்டிவனத்தில் மணிச்சத்தம் கேட்டு வெளியே வந்த சுப்பராயலு, மாப்பிள்ளையைக் கண்டதும் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அடக் கடவுளே! மாப்ளைக்கு அம்மா வார்த்திருக்குதே!"

"அம்மையும் இல்ல கிம்மையும் இல்ல மாமா. எறும்பு கடிச்சிது."

சுப்பராயலு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நீ எறும்புன்னா எறும்புதான் தாயே. கோச்சுக்காத."

"தாயா? நான் சக்கரபாணி மாமா!"

"வெளயாடுறா. மகமாயி வெளயாடுறா."

மறுக்க மறுக்க அவர் பக்தி ஏறிக்கொண்டே போனது. கொட்டகையில் வாழையிலை விரித்து மாப்பிள்ளையைப் படுக்க வைத்தார். வேலைக்காரி பொன்னி கேப்பைக்கூழைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலில் நின்ற சைக்கிளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவசரமாக வெளியே போனாள். சுப்பராயலு பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறினார். தீபாவளிக்குக்கூட மாப்பிள்ளையை முகங்கொடுத்து விசாரிக்காத மனுஷர்!

குளிர்ந்த காற்று பட்டதும் சக்கரபாணிக்கு மூளை வேலை செய்தது. மருமகன் கேட்டால்தானே மறுப்பார்? மகமாயி கேட்டால்?

கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கனக்க வைத்தான். "அடேய் சுப்பராயலு!"

விசிறி நழுவி விழுந்தது. "தாயே!"

"எம்புள்ள வெயில்ல வெந்து வந்துகிறான். தையல அவங்கூட அனுப்பு!"

"ஒடம்பு தேறினதும் அனுப்பிடறேன் தாயே!"

"அவன் சைக்கிளப் பத்தி இனிமே ஒரு வார்த்த பேசக்கூடாது!"

"மூச்சு வுடமாட்டேன் தாயே!"

இவ்வளவு சுலபமா? சக்கரபாணிக்கு ஆசை பெருகியது. "அந்த சைக்கிளு வெயில்ல காயுதுடா! ஜல்தி குளுந்த எடமா பாத்து வையி!"

சுப்பராயலு எழுந்திருப்பதற்குள் வீட்டின் பின்பக்கம் 'தொபுக்கடீர்' என்று ஒரு சத்தம் கேட்டது. பொன்னி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, சக்கரபாணியின் காலடியில் விழுந்து கும்பிட்டாள்.

"ரெண்டாந்தபா சொல்லணுமா தாயே? தையலம்மா இங்க வந்த அன்னிக்கே அவுங்க மேல எறங்கி, 'அந்த சைக்கிளு இந்த வாசலுக்கு வந்தா கெணத்துல தள்ளு, அப்பதான் நான் குளுருவேன்'னு நீதான சொன்ன? இப்பதான் தள்ளிட்டு வர்றேன்!"