ஓடிக்கொண்டே பிள்ளை வளர்ப்பவர்

மனிதர்களில் ஓடிக்கொண்டே பிள்ளை வளர்ப்பவர் என்றொரு வகை உண்டு. பத்து வருஷத்துக்கு முன்பு எங்கள் பிஷ்கெக் நகரில் ஒருவர் தெருவில் ஓடினால், பின்னால் நாய் வருகிறதா, முன்னால் பஸ் போகிறதா என்றுதான் பார்ப்போம். இப்போது காலம் மாறிவிட்டது. ஜனவரி மாதத்து இருட்டில், நடைபாதை முழுக்கப் பனி கண்ணாடிபோல் இறுகிக் கிடக்க, நிலக்கரிப் புகை தொண்டையைப் பிடிக்க, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மூக்கு சிவக்க, யாரும் துரத்தாமலே ஒருவர் ஓடி வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அவர் வீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அவை எழுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திரும்ப மாட்டார்.

இந்த வகையில் ஒருவரை நான் மிக அருகிலிருந்து ஆராய்ந்திருக்கிறேன். என் தங்கை சய்காலின் கணவன் எர்மெக். நான் ஐந்தாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. நல்ல பையன், சம்பாதிக்கிறான், குடிப்பதில்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். போன வருஷம்வரை உட்காரவும் செய்வான்.

அவன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று சின்னவளுடைய தடுப்பூசி அட்டவணை, சமோசா வடிவக் காந்தம் ஒன்றில் எப்போது விழுவோம் என்று தொங்குகிறது. இன்னொன்று இசிக்குல் ஏரிக்கரை மாரத்தானுக்கான பதினெட்டு வாரப் பயிற்சி அட்டவணை, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, மூன்று நிறப் பேனாவால் அடிக்கோடிட்டு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எர்மெக் முதலில் பார்ப்பது எந்தத் தாளை என்று நான் சொல்ல வேண்டுமா?

பேச்சும் மாறிவிடும். பள்ளிக்கூடம் அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, இரண்டு புள்ளி மூன்று கிலோமீட்டர். மாமனார் வீடு ஏழு, நடுவில் ஒரு மேடு. ராத்திரி எட்டரைக்குக் குழந்தைகளுக்கு முன்னால் அவன் படுத்துவிடுவான், கதை சொல்ல யாராவது வருவார்களா என்று அவை அவனைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடும்போது மெல்லுவதற்கென்று பெரியவளின் தின்பண்ட டப்பாவிலிருந்து குருத் உருண்டைகளைக் கிள்ளிக்கொண்டு போவான். உப்புத் தயிரைக் காயவைத்து உருட்டியது, வியர்வைக்கு ஈடு செய்யுமாம். விருந்து வீட்டில் கறியும் நூடுல்ஸும் கலந்த பெஷ்பர்மாக்கை மூன்று தட்டு உள்ளே தள்ளிவிட்டு, நான்காவது தட்டுக்கும் கை நீட்டுவான். கேட்டால், "இது சாப்பாடு இல்லக்கா, எரிபொருள்" என்பான்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஒரு வாக்கியம். "நான் யாருக்காக ஓடறேன்? புள்ளைங்களுக்காகத்தான். அப்பாவைப் பாத்து நாளைக்கு அதுங்களும் கத்துக்கணும்ல?"

கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியவள் அய்பீக்கேக்கு ஆறு வயது. 'என் குடும்பம்' என்று பள்ளியில் படம் வரையச் சொன்னார்கள். அம்மா, தங்கை, பெரியம்மா நான், ஒரு பூனை. அப்பாவைக் காணோம்.

"அப்பா எங்கடி?" என்று கேட்டேன்.

தாளின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஒற்றைக் கால் மட்டும் தெரிந்தது. "இதோ. இப்பத்தான் போறாரு."

வேறு யாராக இருந்தாலும் நெஞ்சில் குத்தியிருக்கும். எர்மெக் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "சய்கால், பாத்தியா! குதிகால்ல ஊனாம நடுப்பாதத்துல ஊனுது! எவ்வளவு கவனிச்சிருக்கா பாரேன்!" என்று பூரித்துப் போனான்.

இந்த வகையினர் தனியாக வாழ்வதில்லை, கூட்டமாகத்தான் இருப்பார்கள். எர்மெக்கின் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர். பல் மருத்துவர் குபாத், இரண்டு பிள்ளைகள். வங்கியில் வேலை பார்க்கும் ஜில்தீஸ், மூன்று பிள்ளைகளுக்கு அம்மா. ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம் என்பதால் மூவரும் கூடிப் பேசி அருமையான ஏற்பாடு ஒன்று செய்தார்கள். வாரம் ஒருவர் ஏழு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது, மற்ற இருவர் ஓடுவது. காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் ஞாயிறு குபாத்தின் முறை. காலை ஆறு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது.

"அக்கா, இன்னிக்குப் பதினாறு கிலோமீட்டர்தான். நான் மட்டும் விட்டுட்டா மத்த ரெண்டு பேரும் முன்னாடி போயிடுவாங்க. உங்களுக்கும் பொழுது போகும்ல?"

வாரத்தில் ஆறு நாள் தையல் பட்டறையில் நிற்கிறவள் நான். ஏழாம் நாள் எனக்குப் பொழுது போகாது என்று கண்டுபிடித்த புண்ணியவானுக்கு ஏழு பிள்ளைகள் முன்னால் என்ன பதில் சொல்ல? இரண்டாம் ஞாயிறு ஜில்தீஸின் முறை, ஆறு மணிக்கு மணி அடித்தது. மூன்றாம் ஞாயிறு மணி அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்துவிட்டேன். வசதிக்கு என்று என்னை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்தார்கள். குழுவின் பெயர் பனிச்சிறுத்தைகள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அய்பீக்கே முதல் அடி எடுத்து வைத்தபோது எர்மெக் வேலையாக ஓஷ் நகரில் இருந்தான். அது அவனுக்கு ஆறாத குறை. சின்னவள் சேசிம் நாற்காலியைப் பிடித்து நிற்க ஆரம்பித்ததிலிருந்து, "இவ முதல் அடியை நான் விடமாட்டேங்க்கா. எங்கிட்டதான் நடந்து வருவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதை மட்டும் கேலி செய்ய எனக்கு மனசு வராது.

இருபத்துநான்கு கிலோமீட்டர் ஞாயிறு. நான் மாவைத் துண்டு போட்டு அடுப்பில் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ அமைதி. ஏழு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அமைதி என்றால் உடனே திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். சேசிம் நாற்காலியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நான்கு அடி நடந்து வந்து என் பாவாடையைப் பிடித்தாள். சரியாக அந்த நிமிஷம் போன் அடித்தது. எர்மெக் வியர்வை வழியும் தன் முகத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தான். 'இருபத்துநாலு! இன்னிக்கு மறக்க முடியாத நாள்!'

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த சய்காலிடம் மட்டும் சொன்னேன்.

"அவருகிட்ட சொல்லாதக்கா. தாங்கமாட்டாரு" என்றாள். பிறகு, "துஷோ வச்சிடுவோம்" என்றாள்.

துஷோ வைக்காத வீடு எங்களில் கிடையாது. நடக்கத் தொடங்கும் குழந்தையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் கட்டி நிறுத்துவோம். விருந்தாளிகள் ஓடி வருவார்கள். முதலில் வருகிறவர் கத்தியால் நூலை அறுப்பார். அறுத்தவருடைய குணம் குழந்தைக்கு வரும். அதனால் யார் அறுக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. சய்கால் புருஷனிடம் பளிச்சென்று சொன்னாள். "வருஷம் பூரா ஓடறீங்க. உங்க பொண்ணு நூலை வேற எவனாவது அறுத்தான்னு வைங்க, உங்க ஷூவை எல்லாம் ஜன்னல் வழியா வீசிடுவேன்."

"ஐம்பது தப்படி ஓட்டம்! எனக்கா!" என்று சிரித்தான் எர்மெக்.

நாள் குறித்தாயிற்று. ஏப்ரல் கடைசி ஞாயிறு, மதியம் பன்னிரண்டு மணி, எங்கள் கட்டட முற்றம். அட்டவணையில் அதே ஞாயிறு முப்பத்திரண்டு கிலோமீட்டர், இருப்பதிலேயே நீளமான ஓட்டம். வேறு யாராக இருந்தாலும் ஒன்றைத் தள்ளிவைப்பார்கள். இந்த வகை தள்ளிவைக்காது, கூட்டிக் கழித்துப் பார்க்கும். நாலரைக்குக் கிளம்பினால் எட்டரைக்கு முடியும், பன்னிரண்டுக்குள் கால் தேறிவிடும். பனிச்சிறுத்தைகள் மூவரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் மூவரும் ஒரே நிறச் சட்டையில் வந்து நின்றார்கள். நின்றார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். குபாத் ஊஞ்சல் கம்பியைப் பிடித்திருந்தான். ஜில்தீஸ் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கினாள். எர்மெக்கின் முகத்தில் மட்டும் சிரிப்பு இருந்தது, இடுப்புக்குக் கீழே எதுவும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதிர்க்கோடியில் செர்ரி மரத்தடியில் விரித்த கம்பளத்தில், காலில் நூலுடன் சேசிமைப் பிடித்துக்கொண்டு சய்கால். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் கையில் துண்டுமாக எர்மெக்கின் அப்பா. துண்டை இறக்கினால் ஓட வேண்டும்.

"அப்பா, ஒரு நிமிஷம் இருங்க. கடிகாரத்துல சாட்டிலைட் இன்னும் பிடிக்கல" என்றான் எர்மெக்.

"அது எதுக்குடா? அதையுமா விருந்துக்குக் கூப்பிட்டிருக்க?"

"இல்லப்பா, இது கணக்குல ஏறணும்ல..."

கிழவர் துண்டை இறக்கிவிட்டார்.

பத்துப் பதினைந்து பேர் கிளம்பினார்கள். எர்மெக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்பினான். "ஆரம்பத்துல வேகம் வேண்டாம்! அடக்கி ஓடு!" என்று பின்னாலிருந்து குபாத் கத்தினான். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த பாடம், நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு. ஐம்பது தப்படியில் அடக்கி ஓடினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லித்தரவில்லை.

நான் போட்டியிலேயே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கையில் போர்சோக் தட்டு. ஜில்தீஸின் கடைக்குட்டிக்கு நாலு வயது. எல்லாரும் ஓடுகிறார்களே என்று அவளும் என் பக்கத்திலிருந்து பாய்ந்து அவர்கள் கால்களுக்கு நடுவே புகுந்துவிட்டாள். மிதித்துவிடுவார்களே என்று தட்டைப் போட்டுவிட்டு, செருப்போடு நான் பின்னால் பறந்தேன். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அவளைத் துரத்தித் துரத்தி, அவள் எந்தப் பக்கம் வெட்டுவாள் என்பது எனக்கு அத்துப்படி. டாக்ஸி ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரரைத் தாண்டினேன். எர்மெக்கைத் தாண்டினேன். கம்பள விளிம்பில் அவள் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்தால், சய்கால் வாயைப் பிளந்தபடி கத்தியை என் பக்கம் நீட்டுகிறாள்.

"நீதான்க்கா."

எர்மெக் பாதி வழியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்க, புல்லில் சாய்ந்துவிட்டான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவன் அப்பா பக்கத்தில் குனிந்து, "என்னடா, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் எதற்காக முகத்தை மூடியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

நூலை அறுத்தேன். அறுத்தவர் குழந்தையின் கையைப் பிடித்து நாலு அடி நடத்த வேண்டும். பிடித்தேன். சேசிம் என் கையை உதறினாள். சுற்றிலும் பார்த்தாள். புல்லில், பட்டப்பகலில், காலை நீட்டி, எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்தாள். அப்படியொரு காட்சியை அந்தக் குழந்தை அதற்குமுன் பார்த்திருக்காது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கிளம்பினாள். தள்ளாடித் தள்ளாடி, ஒருமுறை விழுந்து, எழுந்து, பதினோரு அடி நடந்து போய் அவன் மார்பில் விழுந்தாள்.

"முதல் அடி! பாத்தீங்களா? முதல் அடி! எங்கிட்ட வந்தா, எங்கிட்டதான் வந்தா!" என்று எர்மெக் கத்தினான். குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

சய்கால் என்னைப் பார்த்தாள். நான் கத்தியைப் பாவாடையில் துடைத்தேன்.

"பாத்தோம் தம்பி. முதல் தடவையா இப்பத்தான் பாக்கறோம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. குபாத்தின் இரண்டு, ஜில்தீஸின் மூன்று. எர்மெக்கின் இரண்டும் வரவில்லை. பத்து மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எர்மெக் ஒரு விரலை சேசிமிடம் கொடுத்துவிட்டு, முற்றத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டிருந்தான். அய்பீக்கே முன்னால் பின்பக்கமாக நடந்து வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நூறு மீட்டர், நாற்பது நிமிஷம். திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள், அதையும் அட்டவணையில் ஏற்றி வைத்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கென்ன, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆள், மாரத்தானாவது ஒன்றாவது. நல்லது. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்தபோது உங்கள் முழங்கைப் பக்கம் ஒரு சின்னக் குரல் எதையோ காட்ட வந்ததே, "இரு கண்ணு, இதை முடிச்சிட்டு வரேன்" என்று தலையைத் தூக்காமலே சொன்னீர்களே? முடிந்துவிட்டது. இப்போது தூக்கிப் பாருங்கள், இன்னும் அங்கேதான் நிற்கிறதா?