பெரிய கிராணி காத்த ரகசியம்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருந்தவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. காவலர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரால் உலகத்துக்கு வரப்போகும் ஆபத்திலிருந்து உலகத்தையும், உலகத்தால் கம்ப்யூட்டருக்கு வரப்போகும் ஆபத்திலிருந்து கம்ப்யூட்டரையும், இரண்டு ஆபத்தும் வராத நாளில் ஆபத்து என்ற சொல்லையாவது காப்பாற்றிக்கொண்டே இருப்பார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. காது கொடுக்க ஆள் இருந்தால் போதும்.

இவர்களைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் தேடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேலை இருக்கும். தேத்தண்ணிக் கடையில், கோயில் கமிட்டிக் கூட்டத்தில், சாவு வீட்டு நாற்காலி வரிசையில், சிரம்பான் பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் தேடுங்கள். நீங்கள் பேச்சை எடுக்க வேண்டியதுகூட இல்லை. சட்டைப் பையில் ஒரு கால்குலேட்டர் தெரிந்தால் போதும். "இதெல்லாம் என்னாலா, இன்னும் அஞ்சு வருஷத்துல பாருங்க..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். இன்னும் ஐந்து வருஷத்தில் என்ன? அது யாருக்கும் தெரியாது. ஐந்து வருஷம் கழித்துப் போய்க் கேட்டாலும் அதற்கு இன்னும் ஐந்து வருஷம் பாக்கி இருக்கும்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். லுக்குட் பாதையில் ஏழாம் கட்டை ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, அமிர்தலிங்கம். ஆபீஸில் மேனேஜர் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, "மனுசன் செய்ற வேலைய மிஷின் செஞ்சா, அப்புறம் மனுசன் எதுக்குலா?" என்று விரலை ஆட்டிக் கேட்டவர் அவர்தான். லோரியிலிருந்து அந்தப் பெட்டி இறங்கிய அன்று, "மனுசன நம்பவே கூடாது, மிஷின்தான் பொய் சொல்லாது" என்று அதே விரலை ஆட்டிச் சொன்னவரும் அவர்தான். இரண்டுக்கும் இடையில் பதினொரு நாள். நடுவில் அவர் மனம் மாறியது எப்போது என்று கேட்காதீர்கள். அவர் மனம் மாறவே இல்லை. இரண்டு தரமும் அவர் சொன்னது சரி.

பாதுகாப்புத் துறையில் அவருடைய சாதனைகள் பல. ரப்பர் கட்டிப்பால் வாடையில் வைரஸ் வரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே பால் வெட்டிவிட்டு வருகிறவர்கள் ஆபீஸ் படியோடு நின்று பேச வேண்டும். வெளியிலிருந்து வந்த பிளாப்பி தட்டு ஒன்றை, உள்ளே இருக்கும் கிருமி சாகட்டும் என்று ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்தார். அது வாழைச்சருகு மாதிரி வளைந்துகொண்டது. "பாத்தியா, உள்ள இருந்தது வெளிய வர முண்டுது" என்றார். இண்டர்நெட் என்று ஒன்று வருகிறதாம் என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து, திரை வழியாக அமெரிக்காவில் இருப்பவன் ஆபீஸை எட்டிப் பார்த்துவிடுவான் என்று, சாயங்காலமானால் கம்ப்யூட்டருக்குத் தம் மனைவியின் பழைய கைலியைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதை எந்தக் கம்பியோடும் யாரும் இணைக்கவில்லையே என்று கேட்டால்? "இணைச்சப்பறம் கட்டி என்னா பிரயோசனம்?" என்பார். பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பஞ்சாலை என்று ஒருத்தி சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். கம்ப்யூட்டருக்குள்ளே வைக்கிற சில்லுகளை எட்டு மணி நேரம் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஒட்டுகிறவள். ஒரு நாள் அவள் வாயைத் திறந்து, "ஐயா, வைரஸுன்னா அது ஒரு புரோகிராமுன்னு எங்க சூப்பர்வைசர் சொன்னாருங்க" என்றாள். அமிர்தலிங்கம் அவளைப் பரிவோடு பார்த்தார். "நீ செய்றது சாமான்மா. நான் பேசறது விஷயம்."

இந்தக் காவலரின் கீழேதான் சின்னக் கிராணி நீலாவதி வேலை பார்த்தாள். சிரம்பானில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். அந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்த ஒரே ஆள். ஆகவே அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி அவளுக்கு இல்லை. காலை ஏழு மணிக்கு அமிர்தலிங்கம் வந்து கைலியை அவிழ்ப்பார்; "திரும்பு" என்பார்; நீலாவதி சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். பத்திரிகையை விரித்து மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பாஸ்வேர்டைப் போடுவார். நிமிஷம் ஒன்றரை ஆகும். அந்த வருஷத்து அமாவாசை, பௌர்ணமி, பொது விடுமுறை அனைத்தும் நீலாவதிக்கு மனப்பாடம்.

அந்த ஆண்டு தோட்டத்தில் பாதியை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லயத்தில் இருந்த அறுபத்தொரு குடும்பங்களுக்கும் மலிவு வீடு தருவதாக ஏற்பாடு. ஒவ்வொருவர் பெயரும், அடையாளக் கார்டு எண்ணும், எத்தனை வருஷ வேலை, எத்தனை பிள்ளைகள் என்ற விவரமும் அச்சடித்த பட்டியலாக வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சிரம்பான் அரசாங்க ஆபீஸில் சேர வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வீடு இல்லை. நீலாவதி மூன்று வாரம் வீடு வீடாகப் போய், தகரப் பெட்டிகளின் அடியில் கிடந்த பிறப்புச் சான்று மாதிரியான சூராக்களைத் தேடி எடுக்க வைத்து, ஒவ்வொன்றாக எழுதி வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். முப்பத்துநாலாவது பெயர் அவளுடைய அப்பாவினுடையது.

எழுதி வந்த தாள்கள் என்ன ஆயின? ஸ்டோருக்குப் பின்னால் தகர டிரம்மில் போட்டு அமிர்தலிங்கமே கொளுத்தினார். "களவாங்க வர்றவன் மொதல்ல காகிதத்தைத்தான் தேடுவான்" என்றார். அறுபத்தொரு குடும்பங்களின் பிள்ளைகள் எண்ணிக்கையைக் களவாடிக்கொண்டு போய் ஒருவன் என்ன செய்வான் என்று அவர் சொல்லவில்லை. காவலர்கள் திருடனின் சிரமங்களைப் பற்றி யோசிப்பதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறினார். "மிஷின ஓப்பன்லயே விட்டுட்டுப் போறேன். அடைக்காத. அடைச்சா தெறக்க நான் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவசரத்துக்கு மட்டும் என்று கல்யாண வீட்டு டெலிபோன் எண்ணையும் கொடுத்தார். நீலாவதி அடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, கடைசிப் பக்கத்தைச் சரிபார்த்துப் பத்திரப்படுத்திய அதே நேரத்தில், கரண்டு அடைத்தது. நாலு நிமிஷத்தில் திரும்பி வந்தது. திரை பாஸ்வேர்டு கேட்டது.

துரை கோலாலம்பூரில் கூட்டத்தில் இருந்தார். நீலாவதி கல்யாண வீட்டுக்கு டெலிபோன் போட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவே அமிர்தலிங்கம் வந்தார்.

"ஐயா, நீலா பேசறேன். கரண்டு போயிட்டு வந்துருச்சு. பாஸ்வேர்டு கேக்குது."

"மெதுவாப் பேசு."

"ஐயா, லிஸ்ட்டு உள்ள மாட்டிக்கிச்சுங்க. நாலு மணிக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கணும்."

"தெரியும்மா. அதுக்காக டெலிபோன்ல சொல்ற விஷயமா இது? நடுவுல எத்தன பேரு கேப்பான் தெரியுமா? எக்ஸ்சேஞ்சுல கேப்பான், கம்பத்துல ஏறிக் கேப்பான்..."

"நம்ம தோட்டத்து லிஸ்ட்ட எவனுங்கய்யா கேக்கப் போறான்?"

"எல்லாரும் இப்படித்தான்மா நெனைக்கிறாங்க. ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. காலைல நானே நேர்ல வந்து போடறேன்."

"நாளைக்கு வந்து என்னாங்கையா செய்றது?"

"பாதுகாப்புன்னா கொஞ்சம் தாமதமாத்தாம்மா ஆகும். இரு, தாலி கட்டப் போறாங்க."

டெலிபோன் வைக்கப்பட்டது.

நீலாவதி தனக்குத் தெரிந்த கடவுள் பெயர்களை எல்லாம் அடித்துப் பார்த்தாள். அவர் மனைவி பெயர், மூன்று பிள்ளைகள் பெயர், நாயின் பெயர். எதற்கும் இயந்திரம் இரங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு, அழுகையை அடக்கிக்கொண்டு, லயத்து முனையில் இருக்கும் மணியம் கடைக்கு நடந்தாள். இராத்திரி ஷிப்டு முடித்து வந்த பஞ்சாலையும், பால் லோரி ஓட்டும் நல்லசாமியும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருடைய குடும்பமும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடைக்காரர் மணியத்தின் குடும்பமும்.

அவள் சொல்லி முடித்ததும் மணியம் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தாமலே கேட்டார். "பாஸ்வேர்டுதானே? பாதி எனக்குத் தெரியும்லா."

"எப்படிண்ணே?"

"அவருதான் சொன்னாரு. 'மணியம், எழுத்தும் இருக்கு, நம்பரும் இருக்கு, எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது'ன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல. கேக்கலன்னதும் அவருக்கு ரோசம் வந்துருச்சு. 'தெனமும் ஒன் கட வாசல்லதான் நிக்குது, ஒனக்கே தெரியல பாத்தியா'ன்னாரு."

நாலு தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. வாசலில் ஒரு வாழைத்தாரும், தூங்குகிற நாயும், மூன்று மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. ஒன்று, பிளாஸ்டிக் உறை போர்த்தி, அமிர்தலிங்கம் பஸ் ஏறுமுன் நிறுத்திவிட்டுப் போனது.

நீலாவதி உறையைத் தூக்கி எண்ணைப் பார்த்தாள், ஆபீஸுக்கு ஓடினாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். இயந்திரம் திறக்கவில்லை.

பஞ்சாலைதான் முதலில் சிரித்தாள். "அது இல்லலா. எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு. 'நீ சில்லு செய்றவ, ஒனக்கு மட்டும் சொல்றேன். இப்ப அது எங்கிட்டயே இல்ல. வித்தாச்சு. வித்தத எவன் தேடுவான்'ன்னு."

"எனக்கு மட்டுமுன்னுதானே எங்கிட்டயும் சொன்னாரு!" என்றார் மணியம், சற்று மனம் நொந்து.

"எதக்கா வித்தாரு?" என்றாள் நீலாவதி.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த நல்லசாமியின் கை பாதியில் நின்றது. "எனக்குத்தான்லா வித்தாரு. அவரோட பழைய கப்சாய!"

இரண்டு வருஷத்துக்கு முன்பு அமிர்தலிங்கம் விற்ற அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள், கண்ணாடி ஒன்று போய், இருக்கை கிழிந்து, வாழைத்தாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. என்.பி. 4172. நீலாவதி விரல் விட்டு எண்ணினாள். இரண்டு எழுத்து, நாலு எண். காலண்டரைப் பார்த்து நின்ற ஒவ்வொரு காலையிலும் முதுகுக்குப் பின்னால் அவள் கேட்டது ஆறு தட்டு. அவளே அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரே துண்டு அதுதான்.

"ஏறு நீலா" என்றான் நல்லசாமி.

இயந்திரம் திறந்தது. அச்சு எந்திரம் கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு ஏழு பக்கத்தையும் கக்குவதற்குள் நல்லசாமி இரண்டு தடவை வண்டியில் எண்ணெய் பார்த்துவிட்டு வந்தான். பட்டியலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பின்னால் உட்கார்ந்தாள் நீலாவதி. நடுவழியில் மழை பிடித்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மூடிய கவுண்டரை இரண்டே முக்காலுக்குத் திறந்தபோது, சொட்டச் சொட்ட முதல் ஆளாக நின்றாள். உள்ளே இருந்த பெண் பெயர்களை எண்ணினாள், அறுபத்தொன்று என்றாள், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரைச் சாப்பு குத்தினாள். நீலாவதி முப்பத்துநாலாவது பெயரில் மட்டும் விரலை வைத்து ஒரு தடவை தடவிவிட்டுத் திரும்பினாள்.

சனிக்கிழமை காலை அமிர்தலிங்கம் பையோடு நேராக ஆபீஸுக்கு வந்தார். முதலில் பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை.

"டெலிபோன்ல அப்படிக் கெஞ்சினியே, நான் சொன்னேனா?"

"சொல்லலீங்கய்யா."

"அது!"

பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நீலாவதி சொன்னாள். எப்படி என்றும் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். ஓர் உயிரினம் வாலை இழந்து வாலை மறுபடி முளைக்க வைத்துக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை; நீலாவதிக்குக் கிடைத்தது.

"அதுக்குத்தான்மா," என்றார் கடைசியில், "ஆளுக்கு ஒரு துண்டா பிரிச்சுக் குடுத்து வச்சேன். ஒருத்தன்கிட்டயே முழுசா இருந்தா ஆபத்து. அமெரிக்காவுலயும் இப்படித்தான் செய்றான்."

உடனே பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டுப் புதிது போடப்பட்டது. நீலாவதி காலண்டரைப் பார்த்து நின்றாள். திங்கட்கிழமை பசியாறுகிற நேரத்தில் மணியம் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "இந்தத் தடவ பாஸ்வேர்டு எட்டு எழுத்தாம்லா" என்றார், குரலைத் தாழ்த்தி. தோட்டத்தில் அப்புறம் எத்தனை தரம் கரண்டு போனாலும் யாரும் கவலைப்படவில்லை என்று கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படி எல்லாம் இல்லை என்பது தெரிந்ததுதான். உங்கள் வாய் இரும்புப் பெட்டி. ஆனால் பேங்க்கில் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்களே, சுவரில் செருகும் அட்டை, அதற்கு ஒரு நாலு எண் போட்டிருப்பீர்கள். சொல்ல வேண்டாம். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. உங்கள் கார் நம்பராக மட்டும் இருக்காது என்று நம்புகிறோம். இல்லையா? நல்லது. மூத்த பிள்ளை பிறந்த வருஷமும் இல்லையா? அட, அதுவும் இல்லை என்று இவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறீர்களே; அப்படியானால் கல்யாணத் தேதிதான். கொஞ்சம் மெதுவாக ஆட்டுங்கள். பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறார்.