புல் வெட்டாத தீர்மானம்

"இனிமே இந்த வீட்டுல ஒரு புல்லைக்கூட எவனும் வெட்டக் கூடாது!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாமல் லிஃப்ட் மெக்கானிக் இப்படி ஒரு தீர்மானம் போட்டார். 'எவனும்' என்று அவர் சொன்னது அவரையேதான். அந்த வீட்டில் புல் வெட்ட வேறு எவனும் கிடையாது.

வாரத்தில் ஆறு நாள், நின்றுபோன லிஃப்டுகளைத் தேடிப் போய் ஓட வைப்பவர். ஏழாம் நாள் மத்தியானம் ஒன்றரை முதல் நாலரை வரை தூங்குவார். மனுஷனுக்குச் சொத்து சுகம் என்று இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான். அதிலும் மண் விழும்போல இருந்தது. வீட்டுக்குப் பின்னால் புல் இடுப்பளவு வளர்ந்து, கொடி ஏறி, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துவிட்டது. மூன்று வாரமாக டீச்சரம்மா அரிவாளைத் தீட்டி அவர் கண்ணில் படும்படி வைக்கிறாள். டீச்சரம்மா என்றால் அவர் சம்சாரம்தான். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவளுக்கு ஒரு புருஷன் எந்த மூலைக்கு?

"ஏன் வெட்டக் கூடாது?" என்றாள்.

அவர் ஃபோனை நீட்டினார். "இதைப் பாரு. இயற்கைப் பாதுகாப்புக்கான நில மேலாண்மை. எட்டுப் பாடம். வீட்டுல இருந்தே படிக்கலாம், இலவசம். முதல் பாடத்துலயே சொல்லிட்டாங்க. உயரமான புல்லுல பூச்சி குடியிருக்கு, பூச்சியை நம்பிக் குருவி இருக்கு. அவசரப்பட்டு எல்லாத்தையும் வெட்டிடாதீங்கன்னு."

"மத்த ஏழு பாடத்துல என்ன சொல்றாங்க?"

"அதைத்தான் படிக்கப் போறேன். ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு. மேலாண்மைன்னா சும்மாவா? அந்த வார்த்தையிலயே ஆண் இருக்கு பாரு!"

"கடைசியில மையும் இருக்கு. தொட்டு எழுதிப் படிங்க."

"அப்போ புல்லு?"

"நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கலை."

இவ்வளவு சுலபமாகப் பெண்டாட்டி ஒத்துக்கொண்டால் வேறு யாருக்கும் சந்தேகம் தட்டியிருக்கும். இவருக்கு வாயெல்லாம் பல்.

படிப்பு ஆரம்பமானது. சோபாவில் மல்லாந்து படுப்பார். ஃபோனை நெஞ்சின்மேல் நிறுத்திச் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைப்பார். ஐயா படிக்கிறார் என்று அடுத்த அறைக்குத் தெரிய வேண்டாமா? பாடம் நடத்தும் அம்மாள் வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே இவர் குறட்டையில் பதில் வணக்கம் சொல்லிவிடுவார். அந்த அம்மாள் பாவம், அந்நியக் களை எப்படி வந்து இடத்தை வளைக்கும், எதை வேரோடு பிடுங்கணும், எதை விட்டுவைக்கணும் என்று தொண்டை வற்றப் பேசிக்கொண்டே இருப்பாள். அடுத்த அறையில் டீச்சரம்மா நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பாள்.

நாலரைக்கு எழுந்ததும் ஒரு விசாரணை உண்டு.

"இன்னிக்கு என்ன பாடம்?"

"மண்ணு."

"மண்ணைப் பத்தி என்ன?"

"மண்ணைப் பத்தி... நிறைய."

"உங்க மண்டைக்குள்ள இருக்கே, அதைப் பத்தியுமா?"

இப்படியே எட்டு ஞாயிறு போனது. ஒன்பதாவது ஞாயிறு காலையில் டீச்சரம்மா ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"சான்றிதழ் வந்தாச்சுங்க. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு."

"நான் பரீட்சையே எழுதலையே!"

"போன வாரமே எழுதியாச்சு. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

"நீயா எழுதின?"

"பின்னே, உங்க பூச்சியா எழுதும்?"

தொண்ணூற்றைந்து என்றதும் மனுஷன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்தைத் தாண்டாதவர், பாவம்.

"தெருச் சங்கச் செயலாளர் காதுல போட்டு வச்சேன்" என்றாள் அவள். "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி அரை ஏக்கர் புதர் மண்டிக் கிடக்குல்ல? அதைச் சரிபண்ணப் படிச்ச ஆளா தேடிட்டு இருந்தாராம். சான்றிதழ் வாங்கினவங்களுக்கே அந்தப் பொறுப்புன்னுட்டாரு. ஞாயிறுதோறும், காலையில ஆறு மணியிலேருந்து சாயங்காலம் வரைக்கும்."

காலர் இறங்கியது.

"சாயங்காலம் வரைக்குமா? அப்போ என் தூக்கம்?"

"படிச்சவங்களுக்கு ஏதுங்க தூக்கம்?"

"அடியே, எனக்கு ஒண்ணுமே தெரியாது! எட்டு வாரமும் தூங்கினேன். நானே ஒத்துக்கிறேன். என்னை விட்டுடு."

"அப்போ படிக்கலை?"

"சத்தியமா படிக்கலை!"

"படிக்கலைன்னா பின்னாடி இருக்கிற புல்லு?"

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அவள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "அந்த மூலையில குருவிக் கூடு இருக்கு, அதை விடுங்க. முள்ளை வெட்டாதீங்க, வேரோட பிடுங்குங்க. பூ விட்டிருக்கிறதைத் தொடாதீங்க." அவர் தலையாட்டித் தலையாட்டி வேலை செய்தார். மூன்று மணி நேரம். உள்ளங்கை கொப்புளித்துப்போச்சு, முதுகு நிமிர மாட்டேன் என்றது. ஆனாலும் அரை ஏக்கரிலிருந்து தப்பித்தோமே என்று உள்ளுக்குள் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் செயலாளர் வந்தார். கையில் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

"டீச்சர், அடுத்த வாரம் ஆரம்பிச்சிடலாம்ல?"

லிஃப்ட் மெக்கானிக் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடமிருந்து சான்றிதழைப் பிடுங்கிப் படித்தார். "இது உன் பேருடி!"

"பரீட்சை எழுதினவங்க பேரைத்தானே போடுவாங்க? நீங்க வச்ச சத்தத்துல எட்டுப் பாடமும் எனக்கு மனப்பாடம்."

"அப்போ அந்த அரை ஏக்கர்?"

"என் பொறுப்பு. உங்களுக்குன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

செயலாளர் பின்பக்கம் எட்டிப் பார்த்து மூக்கில் விரலை வைத்தார். "அடேயப்பா! கூடு கலையாம, பூ சிதையாம... இவ்வளவும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள், மூணே மணி நேரம்" என்றாள் டீச்சரம்மா. "நான் சொன்னேன்ல சார்?"

செயலாளர் இரண்டாவது ஜோடி பூட்ஸை மெக்கானிக் கையில் திணித்தார். "ஆறு மணிக்கு வந்துடுங்க தம்பி."

"அநியாயம்! இதெல்லாம் எந்தப் பாடத்துலடி இருக்கு?"

"எட்டாவதுலங்க. தலைப்பே 'ஆள் சேர்ப்பது எப்படி'ன்னுதான்."