ஓடுகிற பைக்குள் ஒரு கணினி

பொறுப்பான பிள்ளை என்று பெயர் எடுத்தவர்களை நம்பி எதையும் ஒப்படைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரை நானும் எடுத்திருந்தேன், அதனால்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் எங்கள் வீட்டின் மிக முக்கியமான பொருள் என் பொறுப்பில் இருந்தது. அது ஒரு பை.

எங்கள் வீடு திருகோணமலையில், உட்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் இருந்தது. துறைமுகத்துக்குக் கிட்டவாக வீடு இருந்தால் நல்ல காற்று வரும். யுத்தம் நடந்தால் காற்றோடு வேறு சாமான்களும் வரும். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள் முடிந்து, குடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி சத்தங்கள் கேட்கத் தொடங்கிய காலம் அது. எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு பை தயாராக இருந்தது. அதற்கு 'ஓடுற பாக்' என்று பெயர். சத்தம் கேட்டவுடன் யோசிக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எங்கள் பையில் ஆளுக்கு இரண்டு சோடி உடுப்பு, அப்பாவின் பிரஷர் குளிசைகள், ஒரு ரோச் லைட், ஒரு பெட்டி பிஸ்கற், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தடித்த நீல நிற பைல். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் பென்சன் கடிதங்கள் எல்லாம் அந்த பைலுக்குள். அந்தக் கிழமை அதற்குள் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. என் அக்கா சுமதியின் பாஸ்போர்ட்.

அக்காவுக்குப் பதிவுத் திருமணம் முடிந்து மூன்று வருஷம். அத்தான் கனடாவில். மூன்று வருஷமாக அவள் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக விசா குத்திய பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை விடியக் கொழும்புக்கு வான் வண்டி, ஞாயிற்றுக்கிழமை விமானம். "இந்த வீட்டில பத்திரமான இடம் எண்டா ஓடுற பாக்தான்" என்று சொல்லி அவளே தன் கையால் அதைப் பைலுக்குள் வைத்தாள்.

இனி என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு கணினி வகுப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். (உதவி ஆசிரியர் என்றால் காலையில் போய்த் தூசி தட்டுகிறவர்.) அங்கு வந்த ஒரு சஞ்சிகையில், பதினேழு சென்ரிமீற்றர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட ஒரு மதர்போர்ட்டின் படத்தைப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் இருந்த கணினிகள் ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு. இதுவோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இடம்பெயர்கிறவர்கள் ரீவியை விட்டுப் போகிறார்கள், பிரிஜ்ஜை விட்டுப் போகிறார்கள். நான் மட்டும் ஒரு முழு மேசைக் கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடப்போகிறேன். இதுதான் திட்டம். (மொனிட்டருக்கு என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். போய்ச் சேருகிற வீட்டில் ரீவி இருக்கும்தானே, அதில் கொழுவிவிடலாம் என்று வைத்திருந்தேன். போய்ச் சேருகிற வீட்டில் கரண்ட் இருக்குமா என்று யோசிக்கவில்லை. பெரிய மூளைகள் சின்ன விஷயங்களைப் பார்ப்பதில்லை.)

மூன்று கிழமையாகச் சதுரக் கொப்பியில் படம் கீறினேன். மின்விசிறி எந்தப் பக்கம், வன்வட்டு எந்தப் பக்கம், வயர் எந்த இடுக்கால் வரும் என்று ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் சண்டை பிடித்தேன். கொழும்புக்கு ஓடர் அனுப்பும் முன் ஒரு மாதிரி செய்து பார்த்துவிடலாம் என்று பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி ஒரு கூடு ஒட்டினேன். அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, பாரமும் சரியாக இருக்க வேண்டும், ஓடிப் பார்க்க வேண்டுமே! அதனால் பவர் சப்ளைக்குப் பதில் அரைச் செங்கல் வைத்தேன். வட்டுக்குப் பதில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டி ஒன்று. ராம் மெமரிக்குப் பதில் உடைந்த சீப்பு. மதர்போர்ட்டுக்குப் பலகைத் துண்டு. எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். கூட்டின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் கீறி, அதை அமத்தினால் கணினி வேலை செய்யும் என்பதுபோல 'ஒன்' என்றும் எழுதினேன்.

வியாழக்கிழமை காலை அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் பையைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தேன். உடுப்பைக் கட்டிலில் போட்டேன். பைலையும் குளிசைகளையும் அலுமாரிக்கு மேலே பத்திரமாக வைத்தேன். கணினியைப் பைக்குள் இறக்கினேன். நூலிழை பிசகாமல் உட்கார்ந்தது. பையின் ஸிப்பை இழுத்துப் பூட்டியபோது எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைப்போம் என்று நினைத்துக்கொண்டு, பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அக்கா வந்து சாப்பிட உட்கார்ந்தபோது முதல் ஷெல் விழுந்தது. எங்கே என்று தெரியவில்லை, கிட்டத்தான். மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பு தானாக நடந்தது. இரண்டாவது விழுந்தபோது யன்னல் கண்ணாடி போய்விட்டது.

"தம்பி, பையை எடு!" என்று அம்மா கத்தினார்.

எடுத்தேன். யோசிக்காமல் எடுக்க வேண்டும் என்பதுதானே விதி.

அன்புவழிபுரத்தில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேலே. ஒழுங்கை முழுவதும் வீதிக்கு வந்திருந்தது. ஓட்டோ ஒன்றும் இல்லை. அக்கா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். நானும் அப்பாவும் அம்மாவும் பின்னால். பை தோளை அறுத்தது. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து அப்பா, முழங்கால் நோவு உள்ள மனுஷன், கையை நீட்டினார்.

"இஞ்ச தா, கொஞ்சத் தூரம் நான் தூக்கிறன்."

வாங்கித் தோளில் போட்டவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். "என்னடா இந்தப் பாரம்? உடுப்புக்கு இவ்வளவு பாரமே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பைல் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

"கவனமப்பா, பிள்ளையின்ர பாஸ்போட் அதுக்க கிடக்கு" என்றார் அம்மா.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "தாங்கோ அப்பா, நானே தூக்கிறன்" என்று மட்டும் வந்தது. "பாத்தியே, எவ்வளவு பொறுப்பு" என்று அம்மா அந்த ஓட்டத்திலும் பெருமைப்பட்டார். அந்தச் சொல் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அரைச் செங்கல்லையும் சவர்க்காரத்தையும் தூக்கிக்கொண்டு, ஷெல்லுக்குப் பயந்து, மிச்சத் தூரத்தையும் ஓடி முடித்தேன்.

சின்னம்மா வீட்டில் தேத்தண்ணீர் தந்தார்கள். நான் பைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தேன். "அதை இஞ்சால வையன் தம்பி" என்று சின்னப்பா சொன்னார். "இருக்கட்டும் சின்னப்பா" என்றேன். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விடிந்தால் வான். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மூன்று வருஷம் காத்திருந்தவளின் பாஸ்போர்ட், திறந்து கிடக்கிற ஒரு வீட்டில், அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அந்த வீட்டில் ஷெல் விழலாம். விழாவிட்டால் யாரும் உள்ளே போகலாம். பின்னேரம் ஊரடங்கு போட்டால் நாளைக்கு யாரும் எங்கும் போக முடியாது.

"சின்னப்பா, சைக்கிளைத் தாங்கோ. சாப்பிடப் பாண் வாங்கிக்கொண்டு வாறன்."

"இந்த நேரம் ஆரடா பாண் விக்கிறது?"

"சந்தியில ஒரு கடை திறந்திருந்தது."

இதுதான் அன்றைய இரண்டாவது பொய். முதலாவது, வாயைத் திறந்தும் உண்மையைச் சொல்லாமல் விட்டது.

வந்த வழியே திரும்பி மிதித்தேன். எதிரே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், என் பக்கமாகப் போகிறவர் ஒருவரும் இல்லை. பிறகு எதிரே வருகிறவர்களும் இல்லாமல் போனார்கள். உட்துறைமுக வீதி தொடங்குகிற இடத்தில், மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கடற்படைக்காரன் கையை நீட்டினான். என் வயதுதான் இருக்கும். அவனுக்கும் பயமாக இருந்தது, தொப்பிக்குக் கீழே வேர்வை ஓடியது.

"எங்க போறது?"

"வீட்டுக்கு, சேர். அக்காட பாஸ்போட் விட்டுட்டு வந்திட்டன்."

"பைத்தியமா?"

"ஓம் சேர்" என்றேன்.

அவன் என் அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். "பத்து நிமிசம். அப்புறம் நான் தேடி வர மாட்டேன்."

வீடு திறந்தபடியே இருந்தது. சோற்றில் காகம் ஒன்று நின்றது. அலுமாரிக்கு மேலே, நான் வைத்த இடத்திலேயே, நீல பைல். அதைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சாத குறை. திறந்தேன். காணி உறுதி இருந்தது. பென்சன் கடிதங்கள் இருந்தன. பாஸ்போர்ட் வைத்திருந்த பிளாஸ்ரிக் உறை வெறுமையாக இருந்தது.

பைலைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். பிறப்புச் சான்றிதழ்கள் பறந்தன. கட்டிலுக்குக் கீழே படுத்துத் தேடினேன். கட்டிலில் கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக உதறினேன். அலுமாரியை இழுத்தேன். அரிசி வாளிக்குள் கையை விட்டேன், ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது மறுபடி ஒன்று விழுந்தது. முகட்டிலிருந்து தூசியும் ஓட்டுத் துண்டும் கொட்டின. நான் மேசைக்குக் கீழே குந்திக்கொண்டு, வளர்ந்த பிறகு முதல் தடவையாக, சத்தமாக அழுதேன். செத்துவிடுவேன் என்பதற்காக அல்ல. செத்தாலும் அக்காவுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காதே என்பதற்காக. யாரோ புகுந்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மேசைக்குப் பக்கத்தில் என் சதுரக் கொப்பி விழுந்து திறந்து கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிலையிலும் என் கண் அந்தப் படத்துக்குப் போனது. மின்விசிறியைத் திருப்பிப் போட்டால் இன்னும் அரை அங்குலம் மிச்சம் பிடிக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது.

பத்து நிமிஷம் முடியப் போனது. கடதாசிகளைப் பொறுக்கி, குளிசைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடற்படைக்காரன் அட்டையைத் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"கிடைச்சதா?"

"இல்ல, சேர்."

அவன் போ என்று கையைக் காட்டினான்.

அன்புவழிபுரத்தில் சின்னம்மா வீட்டு ஒழுங்கை முகப்பில், நடு வீதியில், வெறுங்காலோடு அக்கா நின்றாள். நான் போன பிறகு அப்பாவின் குளிசைக்காக அம்மா பையைத் திறந்திருக்கிறார். சவர்க்காரம் வந்ததாம், சீப்பு வந்ததாம், கடைசியில் 'பவர் சப்ளை' என்று எழுதிய செங்கல்லும் வந்ததாம். "இது என்ன, ஏதும் செய்வினையே?" என்று சின்னப்பா கேட்டாராம். யாரும் சிரிக்கவில்லை. பைல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல்லைப் பார்த்தவுடன் அக்காவுக்கு நான் பாண் வாங்கப் போகவில்லை என்பது விளங்கிவிட்டது. அப்போதே எழுந்து வீதிக்கு வந்தவள். முக்கால் மணித்தியாலம், ஒவ்வொரு சத்தத்துக்கும் துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு அதிலேயே நின்றிருக்கிறாள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு அவள் முன்னால் நின்றேன். "அக்கா, பாஸ்போட்டைக் காணேல்ல" என்றேன்.

அக்கா என்னை அறைந்தாள். பிறந்ததிலிருந்து என்மேல் கை வைத்ததில்லை. அறைந்த கையாலேயே என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்போட் என்னட்டக் கிடக்கடா. காலமை போட்டோக் கொப்பி எடுக்கக் கொண்டு போனனான், ஹாண்ட்பாக்குக்கதான் கிடக்கு. றோட்டில ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பன்தானே!"

ஒரு சொல். அதைச் சொல்லாமல் விட்டதற்காக ஷெல் விழுகிற ஊருக்குள் போய் அரிசி வாளியைக் கிளறிவிட்டு வந்திருக்கிறேன். உள்ளே போனபோது அப்பா குளிசையை வாங்கி விழுங்கினார். சின்னம்மா மட்டும், நல்ல மனுஷி, "பாண் கிடைக்கேல்லயோ தம்பி?" என்று கேட்டார். அதற்குத்தான் எல்லோரும் முதலில் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பாதை பூட்டியிருந்தது. விமானத்தை மாற்றி, பத்து நாள் கழித்து அக்கா போய்ச் சேர்ந்தாள். எனக்கு அந்தக் கணினியைக் கட்ட மனம் வரவில்லை, கொழும்புக்கு ஓடர் போகவேயில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு பழக்கம். கனடாவிலிருந்து போன் எடுத்தால், வைக்கும் முன் கட்டாயம் கேட்பாள்: "சொல்லாம ஏதும் வச்சிருக்கிறியோ?" கேட்டால் என்னால் மறைக்க ஏலாது. நண்பனின் மோட்டார் சைக்கிளை மதிலில் ஏற்றியதை அப்படித்தான் சொன்னேன். இரண்டு சோதனையில் பெயிலானதை, ஒரு பெண்ணை விரும்பியதை, அந்தப் பெண்ணுக்கு அது இன்னும் தெரியாது என்பதை, எல்லாம் சொன்னேன். இப்போது அந்தப் பெண் என் மனைவி, அவளும் அதே கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் யார் யாரிடம் விடைபெற்றாலும் இந்தக் கேள்விதான், ஒரே சிரிப்பு.

போன கிழமை எனக்குச் சொல்வதற்கு உண்மையிலேயே எதுவும் இருக்கவில்லை. "ஒண்டுமில்ல அக்கா" என்றேன். உடனே, போனைக் கையால் பொத்தாமலேயே, அவள் அத்தானைக் கூப்பிடுவது கேட்டது.

"இஞ்சருங்கோ, டிக்கற் என்ன விலை போகுது எண்டு பாருங்கோ. இவன் என்னவோ மறைக்கிறான், நான் ஒருக்கா போய்ப் பாக்கவேணும்."