மாடுலஸ் சார் பார்க்காத பக்கம்

பூந்தமல்லி சாலையில் ஒழுங்காக இரண்டு பக்கமும் பார்த்து நடந்த ஒரே மனிதர் எங்கள் மாடுலஸ் சார்தான். ஒருவழிப் பாதையைக் கடந்தாலும், வண்டியே வராத பக்கத்தை ஒரு தடவை கூடுதலாகப் பார்ப்பார்.

காட்டுப்பாக்கம் டியூஷன் சென்டரில் அவர் கணக்கு, நான் வேதியியல். அவர் உயிரே மாடுலஸ் கணக்கில்தான் இருந்தது. "மாடுலஸ்னா பூஜ்யத்துலேர்ந்து எவ்ளோ தூரம்னு அர்த்தம். ரெண்டுக்குள்ளன்னா பிளஸ் ரெண்டு வரைக்கும் போ, மைனஸ் ரெண்டு வரைக்கும் போ. மைனஸ் பக்கம் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று தொண்டை கிழியக் கத்துவார். பிளஸ் பக்கத்தை மட்டும் எழுதினால் பாதி மார்க்கெல்லாம் கிடையாது, முட்டைதான்.

டீக்கடையையும் விடவில்லை. "சக்கர அர ஸ்பூன் கூடலாம், அர ஸ்பூன் கொறையலாம். அத்தத் தாண்டக் கூடாது."

"இன்னா சார், டீ குடிக்க வந்தியா, பரீட்சை வைக்க வந்தியா?" என்பார் டீ மாஸ்டர்.

இப்பேர்ப்பட்டவரை எங்கள் உயிரியல் டீச்சர் யமுனாவுக்குப் பிடித்துப்போனது. சாருக்கோ தரையில் கால் பாவவில்லை. யமுனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அம்மாவால நடக்க முடியாது சார். காட்டுப்பாக்கத்துல எங்க வீட்லேர்ந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள ஒரு வாடகை வீடு பாருங்க, போதும். அத்தை அவங்க பையனுக்கு என்னைக் கேட்டுகிட்டே இருக்காங்க. தைக்குள்ள வீடு கிடைச்சா அம்மாகிட்ட நான் பேசிடறேன்."

"இது என் கணக்காச்சே!" என்று துள்ளினார் சார்.

லீவு நாளெல்லாம் போரூர் பக்கமாக அலைந்தார். ஒரு வீட்டு வாடகையைக் கேட்டுத் தலை சுற்றியது. இன்னொரு வீட்டில் தண்ணீர் இல்லை. மூன்றாவது வீட்டுக்காரம்மா பேச்சிலர் என்றதும் கதவைச் சாத்தினார். "எதிர்த் திசையில பூந்தமல்லி பக்கமும் பார்க்கலாமே" என்று ஒருவரும் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? தை போய்விட்டது.

மாசியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று யமுனா எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். சார் முன்னால் வந்ததும் குரல் இறங்கியது.

"அத்தை பையனுக்குக் குமணன்சாவடியில வீடு கிடைச்சிடுச்சு. நீங்க பூந்தமல்லி பக்கம் பார்க்கவே இல்லையா சார்?"

சார் ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்து, "மைனஸ் பக்கத்த மறந்துட்டேன், மாமே" என்றார். எவ்வளவோ நாள் அவரைக் கேலி செய்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அதற்கடுத்த பரீட்சையில் ஒரு பையன் பிளஸ் பக்கத்தை மட்டும் எழுதியிருந்தான். சார் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டுப் பாதி மார்க் போட்டார்.

இப்போதும் பஸ் குமணன்சாவடி வழியாகப் போனால் என் கண் தானாக டு-லெட் போர்டைத் தேடுகிறது. எனக்குச் சொந்த வீடு இருக்கிறது; தேடுவது அவருக்காக.