இருபதாவது ஆளின் சம்மதக் கடிதம்

மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தவள் நான். ஆனால் எதிரே அமர்ந்திருப்பவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது கூடத் தெரியாத மக்கு என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் நாமக்கல். அம்பத்தூரில் ஐ.டி. வேலை, கள்ளிக்குப்பத்தில் அண்ணன் அண்ணியோடு ஜாகை, அஞ்சல் வழியில் உளவியல் படிப்பு. செய்முறைக்கு எனக்குக் கிடைத்த சோதனை ரொம்ப எளிது. நான் மேலிருந்து ஒரு ஸ்கேலை விடுவேன். எதிரில் இருப்பவர் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் விழுந்த பிறகு பிடிக்கிறார் என்று பார்த்தால், கண் கண்டதை மூளை வாங்கி நரம்பு வழியாக விரலுக்கு உத்தரவு போட எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்துவிடும். முப்பது வயதுக்கு உட்பட்ட இருபது பேர் வேண்டும். பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். திங்கட்கிழமை ரெக்கார்டு வைக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. அன்று சனிக்கிழமை.

மேல்வீட்டில் ஒரு பையன் இருந்தார் (பையன் என்றால் இருபத்தொன்பது வயது). படியில் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். அவர் வெளியே போயிருந்ததால் அவருடைய அப்பாவிடம் படிவத்தைக் கொடுத்தேன். கலந்துகொள்பவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குவது ஆராய்ச்சியில் கட்டாயம். எல்லோருக்கும் புரியட்டுமே என்று நானே தமிழில் எழுதி, 'சம்மதக் கடிதம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்திருந்தேன் (இந்த இடத்திலாவது என் மூளை வேலை செய்திருக்க வேண்டாமா?).

"அங்கிள், உங்க பையனோட சம்மதம் வேணும். நாளைக்குள்ள சொல்லிட்டா நல்லது. எனக்கு வேற ஆளே இல்ல."

மறுநாள் காலை அங்கிள், ஆன்ட்டி, பையன் மூவரும் வந்தார்கள். ஆன்ட்டி பட்டுப்புடவையில், கையில் பூவும் பழத்தட்டுமாக. திருவேற்காட்டுக் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி காபி போட உள்ளே போனார். நான் ஸ்கேலை எடுத்தேன். பெரியவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். இருந்தாலும் மரியாதைக்காக அவர்களிடமிருந்தே ஆரம்பித்தேன்.

அங்கிள் தட்டுத் தடுமாறிப் பிடித்தார். "இன்னாம்மா இது, உங்க ஊரு பக்கம் வயக்கமே இப்டிதானா?"

"எல்லா ஊர்லயும் இதான் அங்கிள்."

ஆன்ட்டி வளையல் குலுங்க ஒரே பிடியாகப் பிடித்தார். பிறகு மகன் கையெழுத்துப் போட்டிருந்த கடிதத்தைப் பிரித்தார். "முழு மனதுடன்னு போட்டுக்கீறே, சந்தோசம். இந்தக் கடைசி வரிதான் இடிக்குது. எப்ப வேணா, காரணம் சொல்லாம வெலகிக்கலாம்னு கீதே?"

"அது கட்டாயம் ஆன்ட்டி. புடிக்கலைன்னா பாதியில போயிடலாம். ஆனா இதுவரைக்கும் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, ஒருத்தர்கூடப் போகல."

"பத்தொம்போது பேரா!"

அங்கிள் எழுந்தேவிட்டார். காபியோடு வந்த அண்ணி பழத்தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடிப்பாவி, அவங்க பொண்ணு கேட்டு வந்திருக்காங்க!" என்று காதைக் கடித்தார்.

கண் எப்போதோ அனுப்பி வைத்த பட்டுப்புடவையும் பூவும் அப்போதுதான் என் மூளைக்குப் போய்ச் சேர்ந்தன. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. கடிதத்தைத் திருப்பிக் காட்டினேன். சோதனை விவரமெல்லாம் பின்பக்கத்தில் இருந்தது. அங்கிள் முழுவதும் படித்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா, நீ இத்த பட்ச்சுப் பாக்காமயா கையெய்த்து போட்டே?"

பையன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு பக்கமும் பட்ச்சேன்பா. முன்பக்கத்துக்குத்தான் போட்டேன்."

ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார். எனக்கு வெட்கத்திலும், ஏனென்று தெரியாத சந்தோஷத்திலும் காது மடல் கொதித்தது. ஆனாலும் ரெக்கார்டு முக்கியமில்லையா? ஸ்கேலை விட்டேன். ஐந்து தடவையும் அது தரையில்தான் விழுந்தது. அவர் ஸ்கேலைப் பார்க்கவே இல்லை. நடந்ததை அப்படியே எழுதி வைத்தேன். தேர்வாளர் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 'கவனச்சிதறல்' என்று எழுதிவிட்டு பாஸ் போட்டார்.

என் சம்மதத்தைச் சொல்ல எனக்கு நான்கு மாதம் பிடித்தது (என் நரம்பு மண்டலம் அவ்வளவு வேகம்). கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. இன்றும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமியார் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்துவார்: "எங்க மருமவ. பத்தொம்போது பேர சோதன பண்ணிப் பாத்துட்டுதான் எம்புள்ளைய கட்டிக்கிச்சு." நான் ஸ்கேல், நரம்பு என்று விளக்கத் தொடங்குவதற்குள் கேட்டவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து முடித்திருப்பார்.